வீட்டில் மிச்சமாகும் ஒரு யூனிட், புகைபோக்கியில் எவ்வளவைக் குறைக்கிறது?

#1 வெண்மேகம்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மின்சிக்கனம் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கட்டணம் குறையும் என்பதைச் சொல்ல நான் தேவையில்லை, அது எல்லோருக்கும் தெரியும். கரியமில வாயு குறைவதைப் பற்றித்தான் பேச ஆசை. அங்கேதான் எனக்கே இடிக்கிறது. "ஒரு யூனிட் சேமித்தால் ஒரு கிலோ கரியமில வாயு குறையும்" என்று எல்லாத் துண்டறிக்கையிலும் போட்டிருக்கிறார்கள். இது எந்தக் கணக்கு? நான் ஒரு விசிறியை நிறுத்தினால் எங்கோ இருக்கும் அனல்மின் நிலையத்துக்கு அது எப்படித் தெரியும்? நான் நிறுத்தினாலும் அங்கே கொதிகலன் எரிந்துகொண்டுதானே இருக்கும்? கூட்டத்தில் யாராவது இதைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

#2 அச்சாணி

நல்ல கேள்வி. சுமை அனுப்பு மையத்தில் (எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று உத்தரவிடும் இடம்) வேலை பார்த்தவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நிலையத்துக்குத் தெரியும், நொடிக்குள் தெரியும். பெரும்பாலான மின்சாரம் எந்தக் கிடங்கிலும் காத்திருப்பதில்லை, உற்பத்தியாகும் நொடியிலேயே செலவாகிறது. சுமை கொஞ்சம் குறைந்தால் கட்டமைப்பில் சுழலும் எல்லா ஜெனரேட்டர்களும் துளி வேகம் எடுக்கும். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் (சில நாடுகளில் 60) இருந்து நூலிழை மேலே போகும். அதைப் பார்த்ததும் டர்பைன் கவர்னர் நீராவி வால்வைச் சற்றே மூடும். அடுத்த சில நிமிடங்களில் கொதிகலனுக்குப் போகும் நிலக்கரித் தூள் குறையும். அதற்கு மேல் மாற்றம் நீடித்தால் மையத்திலிருந்து குறிப்பிட்ட நிலையத்துக்கு "இவ்வளவு மெகாவாட் இறக்கு" என்று உத்தரவு போகும்.

ஒற்றை விசிறி இதில் தனியாகத் தெரியாது. ஆனால் 10 லட்சம் வீடுகளில் தலா 45 வாட் குறைந்தால் 45 மெகாவாட். அந்த அளவு அசைவு கட்டுப்பாட்டு அறைத் திரையில் கண்ணுக்குத் தெரியும்.

இனி அந்த ஒரு கிலோ. நிலக்கரியில் இருக்கும் கார்பன் எரியும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் வாயுவாக வெளியேறும். அதனால்தான் எரித்த கார்பனைவிட வரும் வாயுவின் எடை மூன்றரை மடங்குக்கும் மேல். அதோடு அனல்மின் நிலையம் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது, மிச்சமெல்லாம் குளிர்விப்புக் கோபுரம் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் போய்விடும். இரண்டையும் சேர்த்தால் நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 0.9 முதல் 1 கிலோ வரை வரும். இயற்கை எரிவாயுவில் ஓடும் கூட்டுச் சுழற்சி நிலையம் (வெளியேறும் சூட்டில் நீராவி ஆக்கி இன்னொரு டர்பைனையும் ஓட்டும் வகை) என்றால் 0.35 முதல் 0.4 கிலோ.

ஒரு பழைய கூரை விசிறி 75 வாட் இழுக்கிறது. பி.எல்.டி.சி எனும் பிரஷ் இல்லாத மோட்டார் போட்டது 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 197 யூனிட் மிச்சம். உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு கம்பியிலேயே போகிறது என்று வைத்துக்கொண்டால், நிலையத்தில் 219 யூனிட் குறைய வேண்டும். முழுக்க நிலக்கரி என்றால் சுமார் 200 கிலோ கரியமில வாயு. ஒரே ஒரு விசிறி, ஓராண்டு. கூட்டத்தில் இந்தக் கணக்கை அப்படியே பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

#3 கடைசிபெஞ்ச்

அச்சாணி சார், காற்றாலையும் சோலாரும் நிறைய வந்துவிட்ட இடங்களிலும் இதே 200 கிலோதானா?

#4 அச்சாணி

இல்லை. துண்டறிக்கைகள் விட்டுவிடுகிற இடம் இதுதான், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான்.

பொதுவாக, அடுத்த யூனிட்டைத் தயாரிக்க யாருக்குச் செலவு குறைவோ அவரைத்தான் முதலில் ஓட்டுவார்கள். சூரியன், காற்று, அணு, பிறகு மலிவான நிலக்கரி, அப்புறம் எரிவாயு என்று வரிசை போகும் (எரிபொருள் விலையைப் பொறுத்து நாட்டுக்கு நாடு வரிசை மாறும்). தேவை குறையும்போது வரிசையின் கடைசியில் நிற்கும் நிலையம்தான் முதலில் இறங்கும். ஆகவே நீங்கள் சேமித்த யூனிட்டால் எவ்வளவு குறைந்தது என்பதை அந்த நாட்டின் சராசரி உமிழ்வு சொல்லாது. அந்த மணி நேரத்தில் ஓரத்தில் நின்ற நிலையம் எது என்பதுதான் சொல்லும்.

நல்ல வெயில் நேரத்தில், சூரிய மின்சாரம் மிஞ்சிப்போய் உற்பத்தியை வெட்டச் சொல்லும் கட்டமைப்பில், நடுப்பகலில் சேமித்த யூனிட்டால் புகை கிட்டத்தட்ட எதுவுமே குறையாது. அதே வீடு இரவு 8 மணிக்குச் சேமித்தால் முழுப் பலன். அதே நேரம், உச்ச நேரத்தில் எரிவாயுவும் நள்ளிரவில் நிலக்கரியும் ஓரத்தில் நிற்கும் கட்டமைப்பு என்றால், நள்ளிரவுச் சேமிப்பு உச்ச நேரச் சேமிப்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கரியமில வாயுவைக் குறைக்கும். உச்ச நேரத்தில் குறைப்பதால் மின் நிறுவனத்துக்குப் பணம் மிச்சம், சரி. புகையும் அதே விகிதத்தில் குறையும் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

உச்ச நேரத்துக்கு வேறொரு சாதகம் உண்டு. கம்பியில் ஏற்படும் வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டம் 10 சதவீதம் குறைந்தால் அந்த இழப்பு 19 சதவீதம் குறையும். கம்பிகள் முழுச் சுமையில் சூடாகிக் கிடக்கும் நேரத்தில் கடைசியாகச் சேரும் ஒரு யூனிட்டுக்கு, சராசரியைப் போல இரண்டு மடங்கு இழப்பு விழுகிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

நீண்டகாலத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தேவை ஆண்டுதோறும் ஏறுகிறது என்று கணக்குக் காட்டித்தான் புதிய அனல்மின் நிலையத்துக்கு அனுமதி வாங்குகிறார்கள். ஒருமுறை கட்டிவிட்டால் 30, 40 ஆண்டுகளுக்கு அது எரியும். தேவை ஏறாமல் நின்றால் அந்த நிலையம் கட்டப்படுவதே இல்லை. வீட்டுச் சேமிப்பின் பெரிய பலன் என் பார்வையில் இங்கேதான் இருக்கிறது. அதை எந்த மீட்டரும் காட்டாது.

#5 ஊசிமுனை

அச்சாணி சொன்ன இயக்கத்தில் எனக்கு மறுப்பு இல்லை. மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் என் கேள்வி.

1865-இல் ஜெவன்ஸ் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் ஒன்றைக் கவனித்தார். நீராவி எந்திரம் குறைந்த நிலக்கரியில் அதிக வேலை செய்யத் தொடங்கியதும் நாட்டின் நிலக்கரிச் செலவு குறையவில்லை, பலமடங்கு ஏறியது. எந்திரம் ஓட்டுவது மலிவானதால் எந்திரம் போகாத தொழிலுக்கெல்லாம் போனது. இன்றைக்கு அதே கதை ஏசியில் நடக்கிறது. மின்சாரம் குறைவாக இழுக்கும் ஏசி வாங்கியவர் அதை இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டுகிறார், இன்னொரு அறைக்கும் ஒன்று வாங்குகிறார். கட்டணத்தில் மிச்சமான பணம் விமானப் பயணமாகப் போகிறது. இதையெல்லாம் யார் கழிக்கிறார்கள்?

இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் மின் நிலையங்களின் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குள் உமிழ்வதற்கான உரிமச் சீட்டுகளை வாங்கி விற்கிறார்கள். அங்கே நான் மின்சாரம் சேமித்தால் என் நிலையத்துக்குச் சீட்டு மிஞ்சும். அதை இன்னொரு ஆலை வாங்கி எரிக்கும். மொத்தம் அப்படியே இருக்கும். அப்படியானால் என் சேமிப்பால் வளிமண்டலத்துக்கு என்ன லாபம்?

சேமிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பலனைப் பெரிதாக்கிச் சொல்லிவிட்டால், பிறகு கொள்கை வகுப்பவர்கள் நிலையங்களைச் சுத்தமாக்கும் பொறுப்பைத் தட்டிக்கழித்து வீட்டுக்காரர் தலையில் கட்டிவிடுவார்கள். அந்தக் கவலைதான் எனக்கு.

#6 தராசு

> அதே கதை ஏசியில் நடக்கிறது

நான் சேமிப்புத் திட்டங்களின் பலனை அளக்கும் வேலையில் இருக்கிறேன். மீள்விளைவு, அதாவது சிக்கனமானது என்பதாலேயே கூடுதலாகப் பயன்படுத்துவது, உண்மை. அதன் அளவுதான் கேள்வி. பணக்கார நாடுகளின் வீட்டுச் சாதனங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் நேரடி மீள்விளைவு பெரும்பாலும் 10 முதல் 30 சதவீதத்துக்குள் வருகிறது. அதாவது 100 யூனிட் சேமிப்பு எதிர்பார்த்த இடத்தில் 70 முதல் 90 வரை நிற்கிறது. ஜெவன்ஸ் பார்த்தது ஒரு பொதுப்பயன் எந்திரம் ஒரு முழுப் பொருளாதாரத்துக்குள் பரவிய காலம். வீட்டுச் சாதனத்துக்கு அந்த இடமில்லை. ஃபிரிட்ஜ் ஏற்கெனவே 24 மணி நேரமும் ஓடுகிறது, சிக்கனமானது என்பதற்காக 25-வது மணி நேரம் ஓட்ட முடியாது. ஏசிக்கு இடம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இதுவரை ஒரே விளக்கில் முடங்கியிருந்த ஏழைக் குடும்பம் எல்.ஈ.டி மலிவானதும் மூன்று விளக்கு போடுகிறது என்றால், அந்த மீள்விளைவை நான் குறையாகவே எண்ணுவதில்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஃபிரிட்ஜ் கதை தெரிந்திருக்க வேண்டும். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற புதிய ஃபிரிட்ஜ் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 1,800 யூனிட் இழுத்தது. கலிஃபோர்னியாவிலும் பிறகு நாடு முழுவதும் கட்டாய அளவுகோல் கொண்டுவந்து, அதைப் படிப்படியாக இறுக்கினார்கள். இன்று 500 யூனிட்டுக்கும் கீழ். கொள்ளளவு கூடியிருக்கிறது, பணவீக்கத்தைக் கழித்தால் விலையும் இறங்கியிருக்கிறது. வாங்கியவர் எவரும் எதையும் தியாகம் செய்யவில்லை. கம்பிரசர் மேம்பட்டது, சுவரில் நுரைக் காப்பு தடித்தது, கதவு ரப்பர் இறுக்கமானது, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் "விளக்கை அணையுங்கள்" வகை முயற்சிகளை வையுங்கள். அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் வீடுகளை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. "உங்கள் அக்கம்பக்கத்தாரைவிட நீங்கள் இவ்வளவு அதிகம் செலவழிக்கிறீர்கள்" என்று ஒரு பகுதியினருக்கு அஞ்சலில் அறிக்கை போனது, மற்றவர்களுக்குப் போகவில்லை. 2011-இல் வெளியான ஆய்வு முடிவு: சராசரியாக 2 சதவீதம் குறைந்தது. அஞ்சல் செலவுக்கு அது நல்ல பலன்தான். ஆனால் ஃபிரிட்ஜில் கிடைத்தது 70 சதவீதத்துக்கும் மேல். அதனால் கூட்டத்தில் மன உறுதியைப் பற்றிப் பேசுவதைவிட, அடுத்த முறை எதை வாங்குவது என்பதைப் பற்றிப் பேசுவதில் நேரத்தைச் செலவிடுங்கள். வாங்கியது பத்துப் பதினைந்து ஆண்டுகள் சுவரில் தொங்கும்.

உச்சவரம்பு விஷயத்தில் ஊசிமுனை சொல்வது கோட்பாட்டளவில் சரி. அங்கேயும் 2019 முதல் சந்தையில் மிஞ்சும் சீட்டுகளை ஒரு கையிருப்புக்கு இழுத்துக்கொள்கிறார்கள், ஓர் அளவுக்கு மேல் போனவற்றை ரத்தும் செய்கிறார்கள். ஆகவே சேமிப்பு முழுக்கக் கரைந்துபோவதில்லை. உச்சவரம்பே இல்லாத நாடுகளுக்கு இந்த வாதம் பொருந்தவும் பொருந்தாது.

#7 நீரோட்டம்

எல்லோரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். நுகர்வோர் என்றால் ஆலையும் நுகர்வோர்தான், அடுக்குமாடிக் கட்டடமும் நுகர்வோர்தான். உலகின் மின்சாரத்தில் சுமார் 45 சதவீதம் மின்மோட்டார்களுக்குள் போகிறது. அதில் பெரும்பகுதி பம்ப், ஃபேன், காற்று அமுக்கி ஆகியவற்றை ஓட்டத்தான்.

நான் ஆலைகளுக்குள் எரிசக்தித் தணிக்கைக்குப் போகிறவன். எங்கே போனாலும் முதலில் பம்ப் அறைக்குப் போய் வெளியேற்றுக் குழாயின் வால்வைப் பார்ப்பேன். பாதி மூடியிருந்தால் அங்கே பணமும் புகையும் போகிறது என்று அர்த்தம். வடிவமைத்தவர் எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய பம்பைப் போட்டிருப்பார், ஓட்டுநர் தண்ணீர் அதிகம் வருகிறதே என்று வால்வைத் திருகியிருப்பார். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே பிரேக் பிடித்து வண்டி ஓட்டுவது மாதிரி.

ஒரு குளிர்விப்புத் தண்ணீர் பம்பில் வால்வுக்கு முன்னால் 4 பார், பின்னால் 2.5 பார் இருந்தது. மணிக்கு 100 கன மீட்டர் ஓட்டம். அந்த ஒன்றரை பார் அழுத்தம் வால்வின் வாயில் இரைச்சலாகவும் சூடாகவும் அழிகிறது. கணக்குப் போட்டால் தண்ணீர்ப் பக்கம் 4.2 கிலோவாட், பம்ப், மோட்டார் திறனைச் சேர்த்தால் மீட்டர் பக்கம் 7 கிலோவாட். நாள் முழுக்க, ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 50,000 யூனிட். மேலே சொன்ன விசிறிகளில் 250-ஐ மாற்றியதற்குச் சமம், ஒரே ஒரு வால்வில்! அதற்குச் செய்ய வேண்டியது, இம்பெல்லரை (பம்புக்குள் சுழலும் சக்கரம்) கழற்றிக் கடைசல் பிடித்து விட்டத்தைக் குறைப்பது. ஓட்டம் அடிக்கடி மாறும் இடமென்றால் வி.எஃப்.டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) போட்டு வேகத்தைக் குறைப்பது.

வேகத்தைக் குறைப்பதில் ஒரு பெரும் வசதி உண்டு. பம்பின் வேகம் 80 சதவீதத்துக்கு வந்தால் ஓட்டமும் 80 சதவீதம் ஆகும், ஆனால் இழுக்கும் திறன் 51 சதவீதத்துக்கு விழும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடியோடு போகிறது. வி.எஃப்.டி விற்பவர்கள் எல்லா இடத்திலும் இதே எண்ணைக் காட்டுவார்கள், நம்பிவிடாதீர்கள். மூடிய சுற்றில் ஓடும் தண்ணீருக்குத்தான் இது பொருந்தும். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப், ஓட்டம் எவ்வளவு குறைந்தாலும் அந்த உயரத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கே வேகத்தைக் குறைத்தால் சேமிப்பு சொற்பம், சில சமயம் தண்ணீரே ஏறாது. அதற்குச் சரியான அளவு பம்ப் வாங்குவதுதான் வழி.

#8 கடைசிபெஞ்ச்

நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஏசி வீட்டுக்காரருடையது, பழசு. கட்டணம் என்னுடையது. அவருக்கு மாற்றித்தர எந்த அவசியமும் இல்லை, நான் மாற்றினால் காலி செய்யும்போது அவருக்கே விட்டுப்போக வேண்டும். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? பிளக்கில் சொருகி வைத்தால் 30 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களே, அது உதவுமா?

#9 நீரோட்டம்

அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். கழற்றிப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு எல்.ஈ.டி விளக்கும்தான். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரைத் திருத்தும், அதாவது வீட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே வேலை செய்யாமல் போய்வரும் மின்னோட்டத்தைக் குறைக்கும். ஆலைக்கு அது பயன், ஏனென்றால் பவர் ஃபேக்டர் குறைந்தால் அவர்களுக்குத் தண்டனைக் கட்டணம் உண்டு. சாதாரண வீட்டு மீட்டர் உண்மையில் செலவான யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது, அதில் இந்தப் பெட்டியால் மாற்றம் இல்லை. வெளிக் கம்பி இழப்பில் துளி குறையலாம், அந்தப் பெட்டி தயாரிக்க ஆன எரிசக்தியைக்கூட அது ஈடுகட்டுமா என்பது சந்தேகம்.

வாடகை வீட்டில் நீங்கள் எடுத்துப்போகக்கூடியதில் பணம் போடுங்கள்: விசிறி, எல்.ஈ.டி விளக்கு, உங்கள் சொந்த ஃபிரிட்ஜ். ஏசியின் வடிகட்டியைக் கழுவுங்கள், ஜன்னல் கதவு இடுக்குகளை அடையுங்கள், வெயில் விழும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மறைப்புப் போடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரை அவ்வளவு உதவாது, வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருக்கும். வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றி வைத்து விசிறியைச் சேர்த்து ஓட்டுங்கள்.

பழைய ஏசியைப் பற்றி ஒரு வேண்டுகோள். அதற்குக் குளிர்வாயு நிரப்ப வருகிறவர் மிச்சமிருப்பதைக் காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். ஆர்-410ஏ என்ற குளிர்வாயு ஒரு கிலோ கசிந்தால் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடிக்கும். அச்சாணி சார் கணக்குப்படி ஒரு விசிறி பத்து ஆண்டுகளில் சேமித்தது ஒரே மதியத்தில் போய்விடும்.

#10 வெண்மேகம்

எவ்வளவு விஷயம்! எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று. சமையலை எரிவாயுவிலிருந்து இண்டக்ஷன் அடுப்புக்கு மாற்றச் சொல்லலாமா? கரியமில வாயு குறையும் என்று ஒரு தரப்பு சொல்கிறது, கூடும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது.

#11 தராசு

இரண்டு தரப்பும் சரி, வேறு வேறு ஊர்களில்.

ஒரு கிலோ எல்.பி.ஜி எரிந்தால் 12.7 யூனிட் வெப்பமும் 3 கிலோ கரியமில வாயுவும் வரும். அடுப்பின் திறன் 60 சதவீதம் என்றால் பாத்திரத்துக்குள் போவது 7.6 யூனிட். அதாவது பாத்திரத்துக்குள் ஒரு யூனிட் வெப்பம் சேர்க்க 0.39 கிலோ. இண்டக்ஷனில் 85 சதவீதம் உள்ளே போகும், ஒரு யூனிட் வெப்பத்துக்கு 1.18 யூனிட் மின்சாரம் வேண்டும். அது முழுக்க நிலக்கரியில் வந்தால் ஒரு கிலோவுக்கும் மேல், எரிவாயு அடுப்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் மின்சாரம் யூனிட்டுக்கு 0.33 கிலோவுக்குக் கீழ் இருந்தால் இண்டக்ஷன் வெல்கிறது. சமையலறைக் காற்று சுத்தமாவது தனிப் பலன், அதற்காகவே மாறுகிறவர்களை நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் வெந்நீருக்கு இதே கேள்வி வந்தால் தயங்காமல் சொல்வேன். சாதாரண கீசர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப் கீசர் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குத் தள்ளுவதால், ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குத் தருகிறது. நிலக்கரிக் கட்டமைப்பிலும் அது கீசரின் உமிழ்வை மூன்றில் ஒரு பங்காக்கும். தொட்டி நன்றாகக் காப்பிடப்பட்டிருந்தால் சூரிய மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் சூடாக்கி இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த மணி நேரத்தில் சேமிக்கிறோம் என்று அச்சாணி சார் சொன்ன விஷயத்துக்கு வீட்டில் இதைவிடப் பொருத்தமான சாதனம் எனக்குத் தெரியவில்லை.

#12 ஊசிமுனை

தராசு சொன்ன எண்கள் பயனுள்ளவை. மீள்விளைவு 30 சதவீதத்துக்குள் என்றால் மிச்சம் 70 நிற்கிறது, அதற்காகப் பாடுபடுவதில் எனக்கு முழு உடன்பாடு.

என் அடுத்த கேள்வி அச்சாணிக்கு. மின் நிறுவனத்தின் வருமானமே யூனிட் விற்பதில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் 10 சதவீதம் குறைத்தால் நிறுவனத்தின் செலவு 10 சதவீதம் குறையாது, கம்பமும் மின்மாற்றியும் ஊழியரும் அப்படியே இருப்பார்கள். அப்படியிருக்க எந்த நிறுவனம் மனதார இதைச் செய்யும்? சுவரொட்டி ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

#13 அச்சாணி

உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் சொல்வது நடப்பதுதான். விற்பனை இலக்கும் சிக்கன இலக்கும் ஒரே மேசைக்கு வந்தால் விற்பனைதான் ஜெயிக்கும். அதை மாற்ற விதியை மாற்ற வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 1982-லேயே மின்சாரத்துக்கு அப்படி ஒரு விதி வந்தது. நிறுவனத்துக்கு இவ்வளவு வருவாய் என்று ஒழுங்குமுறை ஆணையம் முன்கூட்டியே நிர்ணயித்துவிடும். விற்பனை அதைவிடக் குறைந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம், கூடினால் வாடிக்கையாளருக்குத் திருப்ப வேண்டும். அதிகம் விற்பதில் லாபமில்லை என்றான பிறகு, வீடு வீடாகப் போய்க் காப்பிடுவதற்கும் பழைய ஃபிரிட்ஜை எடுத்துச்செல்வதற்கும் நிறுவனங்கள் பணம் ஒதுக்கத் தொடங்கின. புதிய நிலையம் கட்டுவதைவிட அந்த யூனிட் மலிவாகவும் கிடைத்தது.

இதற்குப் பின்னால் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்ற இயற்பியலாளர் இருந்தார். அணுத்துகள் ஆய்வில் இருந்தவர், 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ஒரு வெள்ளிக்கிழமை மாலை தன் அலுவலக மாடியில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளை அணைக்கக் கிளம்பினார். சில அறைகளில் சுவிட்சுகள் அலமாரிக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. அணைக்க நினைத்தாலும் முடியாதபடி கட்டடம் இருந்தது! அதற்கு மேல் தன் வாழ்நாளையே இந்தத் துறைக்குக் கொடுத்தார். 1970-களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு அந்த மாநிலத்தில் ஒரு நபருக்கான மின்செலவு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றது, நாட்டின் மற்ற பகுதிகளில் ஏறிக்கொண்டே போனது. இதமான தட்பவெப்பம், கனரகத் தொழில்கள் வெளியேறியது போன்றவற்றுக்கும் அதில் பங்குண்டு, எல்லாப் பெருமையையும் கொள்கைக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் கணிசமான பங்கு கொள்கையுடையது.

ஊசிமுனையின் முதல் கவலையையும் இத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிலையங்களைச் சுத்தமாக்குவதும் வீட்டில் சேமிப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. தேவை குறைந்தால், நாட்டில் வைக்கும் ஒவ்வொரு காற்றாலையும் புதிய தேவையை நிரப்பப் போகாமல் பழைய நிலக்கரி நிலையத்தை வெளியே தள்ளும்.

#14 வெண்மேகம்

கூட்டத்துக்கு இப்போது நம்பிக்கையோடு போவேன். ஒரே ஒரு உதவி. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொருவர் வீட்டிலும் எது அதிகம் இழுக்கிறது என்பதைத் தனிக் கருவி எதுவும் வாங்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா? அங்கேயே செய்து காட்டினால் நன்றாக இருக்கும்.

#15 நீரோட்டம்

உண்டு. மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுங்கும் என்று முகப்பில் அச்சிட்டிருக்கும், பல மீட்டர்களில் 3200, சிலவற்றில் 1600 அல்லது 1000.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். மினுங்கலே இல்லாவிட்டால் நல்லது. 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 10 முறை மினுங்கினால் சுமார் 188 வாட் எங்கோ ஓடுகிறது. ஒரு நிமிட எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, 3200-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, கூடிய மினுங்கலை எண்ணுங்கள். ஃபிரிட்ஜை மட்டும் அரை மணியாவது கவனிக்க வேண்டும், கம்பிரசர் நின்று நின்று ஓடும்.

எல்லாம் அணைத்த பிறகும் ஓடும் மிச்சத்தைக் கட்டாயம் தேடுங்கள். ஒரு வாட் ஆண்டு முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 9 யூனிட். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அது செட்டாப் பாக்ஸ், காத்திருக்கும் டிவி, எப்போதும் சொருகியிருக்கும் இன்வெர்ட்டர் சார்ஜர். அப்புறம் பொது மீட்டரையும் விட்டுவிடாதீர்கள். மாடிப்படி விளக்கும் தண்ணீர் மோட்டாரும் யார் வீட்டுக் கணக்கிலும் வராததால் யாரும் பார்ப்பதில்லை. கூட்டத்தன்று எல்லோரையும் அந்த மீட்டர் முன்னால் நிறுத்தி, மோட்டாரைப் போட்டு எண்ணச் சொல்லுங்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டில் இருக்கும் எண்களையும் குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள், பம்ப் அளவு சரிதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.